வீடியோவை நீக்கியது யூடியூபா, அரசா?

வடசென்னையிலிருந்து ஒரு வாசகர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், குப்பத்தின் பெயர், ஆலையின் பெயர் எல்லாவற்றையும் நீக்கிச் சுருக்கமாகத் தருகிறேன்.

வயது 29. எண்ணூர் பக்கம் கடலோரத்தில் வீடு, பகலில் கன்டெய்னர் யார்டில் வேலை. இரவில் ஏரியா செய்திகளுக்காக ஒரு யூடியூப் சேனலும் இன்ஸ்டாகிராம் பக்கமும் நடத்துகிறார். சுமார் 11,000 பேர் பின்தொடர்கிறார்கள். வார்டு வாட்ஸ்அப் குழுவுக்கும் அவர்தான் அட்மின். சில வாரங்களுக்கு முன் நள்ளிரவு பன்னிரண்டரை மணிக்குக் காற்றில் காரமான நெடி. கண் எரிச்சல், இருமல். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஜனம் மெயின் ரோட்டுக்கு வந்துவிட்டது. 2023 டிசம்பரில் எண்ணூர் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்த இரவை யாரும் மறக்கவில்லை. அவர் 4 நிமிட வீடியோ எடுத்து விடிகாலை நாலு மணிக்கு ஏற்றினார். தலைப்பு: "மறுபடியும் கேஸ் லீக்! 10 பேர் கவலைக்கிடம்! மறைக்கும் அதிகாரிகள்!"

மூன்றாம் நாள் யூடியூபிலிருந்து மின்னஞ்சல் வந்தது. தேசப் பாதுகாப்பு அல்லது பொது ஒழுங்கு தொடர்பான அரசு உத்தரவின் காரணமாக இந்த வீடியோ இந்தியாவில் கிடைக்காது என்றது அது. அதே காட்சியை வைத்த ரீலை இன்ஸ்டாகிராம் "சமூக வழிகாட்டுதல்களுக்கு முரணானது" என்று எடுத்துவிட்டது. அதற்கு அடுத்த நாள், சிம் அம்மா பெயரில் இருப்பதால் அந்த முகவரியைப் பிடித்து ஒரு காவலர் வீட்டுக்கே வந்து, "பையனை போனோட ஸ்டேஷனுக்கு வரச் சொல்லுங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அம்மாவுக்கு 63 வயது. "எல்லாத்தையும் அழிச்சிடுடா" என்று அழுகிறார்.

"யூடியூப் மேல் கேஸ் போடலாமா? 66ஏ-வில் உள்ளே தள்ளுவார்களா? புது அக்கவுண்டில் மறுபடி ஏற்றலாமா? அரசு சொல்லி ஒரு பதிவை எடுத்தால் அது செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டதாமே, அதைக் காட்ட முடியாதா? குழுவில் மற்றவர்கள் போட்ட கமெண்டுக்கும் நான்தான் பொறுப்பா?" இவை அவருடைய கேள்விகள்.

தம்பி, ஒரே வாரத்தில் மூன்று அடி விழுந்ததால் மூன்றையும் ஒரே கைதான் அடித்தது என்று நினைக்கிறீர்கள். அப்படியும் இருக்கலாம். ஆனால் சட்டத்தில் மூன்றும் மூன்று வேறு காரியங்கள், மூன்றுக்கும் வேறு வேறு பரிகாரம். "என் பேச்சுரிமை போச்சு" என்று பொதுவாக ஒரு மனு போட்டால் நீதிபதி கேட்கும் முதல் கேள்வி, "உத்தரவு நகல் எங்கே?" என்பதுதான். உங்களிடம் இப்போது இல்லாதது அந்தத் தாள். அதைத் தேடிப் பிடிப்பதுதான் உங்கள் முதல் வேலை.

முதலில் 66ஏ பயத்தை இறக்கி வையுங்கள். இணையத்தில் புண்படுத்தும்படி எழுதுவதைக் குற்றமாக்கிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் பிரிவு அது. அந்தப் பிரிவை 2015 மார்ச் 24 அன்று ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் முழுவதுமாக ரத்து செய்துவிட்டது. அதன் பிறகும் சில மாநிலங்களில் போலீஸார் அதில் வழக்குப் பதிந்துகொண்டே இருந்ததால், யார் மீதும் அதில் வழக்கு நடத்தக் கூடாது என்று 2022 அக்டோபரில் மறுபடியும் உத்தரவிட வேண்டியிருந்தது. யாராவது அந்த எண்ணைச் சொல்லி மிரட்டினால், எழுத்தில் தரச் சொல்லுங்கள், தர மாட்டார்கள்.

எந்த வாசல் வழியாக வந்தது?

யூடியூப் மின்னஞ்சலின் வாசகத்தைப் பார்த்தால், பெரும்பாலும் அது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 69ஏ பிரிவின் கீழ் வந்த உத்தரவாகத்தான் இருக்கும். இந்த அதிகாரம் ஒன்றிய அரசுக்கு மட்டும் உரியது. நாட்டின் இறையாண்மை, ஒருமைப்பாடு, பாதுகாப்பு, அயல்நாட்டு நட்புறவு, பொது ஒழுங்கு, இவை சார்ந்த குற்றத்தைத் தூண்டுதல் ஆகிய காரணங்களுக்கு மட்டுமே இதைப் பயன்படுத்தலாம். பட்டியலில் அவதூறு இல்லை. "பொய்" என்பதும் இல்லை. ஆலைக்காரருக்கு உங்கள் வீடியோவால் பெயர் கெட்டது என்றால் அவர் உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போய்த் தடை வாங்க வேண்டும். 69ஏ அவருக்கான ஆயுதம் அல்ல. ஆனால் 2009-ஆம் ஆண்டு முடக்க விதிகளின்படி யார் வேண்டுமானாலும் அரசுத் துறையில் இதற்கென்று இருக்கும் நோடல் அதிகாரிக்குப் புகார் அனுப்பலாம். மாநில அரசு வழியாகப் போனால் தலைமைச் செயலாளரின் ஒப்புதல் வேண்டும். ஆக, உள்ளூரில் கிளம்பிய ஒரு புகார் டெல்லி வரை போய் "பொது ஒழுங்கு" என்ற உடை மாட்டிக்கொண்டு திரும்பி வர வழி இருக்கிறது.

அந்தப் பிரிவின்படி வரும் உத்தரவை யூடியூப் மீறினால் அதன் பொறுப்பாளர்களுக்கு 7 ஆண்டு வரை சிறை. ஒரு ஏரியா சேனலுக்காக எந்த நிறுவனமும் அந்த ஆபத்தை எடுக்காது. "ஏன் என் பக்கம் நிற்கவில்லை?" என்று யூடியூப் மேல் கோபப்படுவதில் பயன் இல்லை. உங்கள் சண்டை உத்தரவு போட்டவரோடு.

இரண்டாவது வாசல் அதே சட்டத்தின் 79(3)(பி) பிரிவு. இது நேரடியாக முடக்கும் அதிகாரம் இல்லை. "இந்தப் பதிவு சட்டவிரோதம், எடுங்கள், எடுக்காவிட்டால் உங்கள் சட்டப் பாதுகாப்பு போய்விடும்" என்று தளத்துக்கு அனுப்பும் அறிவிப்பு. மாநிலப் போலீஸும் அனுப்பலாம். உள்துறை அமைச்சகத்தின் சைபர் குற்றப் பிரிவு 2024-ல் தொடங்கிய சஹ்யோக் என்ற வலைவாசல் வழியாக இவை போகின்றன. 2025 நவம்பர் 15 முதல், போலீஸ் தரப்பில் இதற்கென்று நியமிக்கப்பட்ட, டிஐஜி அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரிதான் இதை அனுப்ப முடியும். எந்தச் சட்டம், என்ன குற்றம், எந்த இணைப்பு என்று குறிப்பிட்டாக வேண்டும். உங்கள் ஸ்டேஷன் இன்ஸ்பெக்டர் தன் கையெழுத்தில் ஒரு வீடியோவை இறக்க முடியாது. தளம் பதில் நடவடிக்கை எடுக்க முன்பு 36 மணி நேரம் இருந்தது. 2026 பிப்ரவரியில் அதை 3 மணி நேரமாகச் சுருக்கிவிட்டார்கள். 3 மணி நேரத்தில் உங்கள் 4 நிமிட வீடியோவை யார் உட்கார்ந்து பார்த்து, சட்டம் படித்து, சரியா தவறா என்று முடிவு செய்யப் போகிறார்கள்? எடுத்துவிடுவார்கள், அவ்வளவுதான்.

இந்த சஹ்யோக் முறையை எதிர்த்து எக்ஸ் நிறுவனம் போட்ட வழக்கைக் கர்நாடக உயர்நீதிமன்றம் 2025 செப்டம்பர் 24 அன்று தள்ளுபடி செய்தது. அது நமக்குச் சாதகமான தீர்ப்பு இல்லை. ஆனால் சென்னை உயர்நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தும் தீர்ப்பும் இல்லை. இங்கே அதைக் கருத்தில் கொள்ளலாம், ஏற்றே தீர வேண்டும் என்பதில்லை.

மூன்றாவது வாசல்தான் உங்கள் இன்ஸ்டாகிராம் ரீல் போனது. அரசு உத்தரவு எதுவும் குறிப்பிடப்படவில்லை, தளம் தன் சொந்த விதியைச் சொல்லி எடுத்திருக்கிறது. அதன் பின்னால் யாராவது அதிகாரி "ரிப்போர்ட்" பட்டனை அழுத்தினாரா, போட்டி ஏரியாப் பையன்கள் கூட்டமாக அழுத்தினார்களா, கணினியே எடுத்ததா என்று வெளியே தெரியாது.

நீங்கள் சொல்லும் அமெரிக்க வழக்கு இந்த மூன்றாவது வாசலைப் பற்றியது. மூர்த்தி எதிர் மிசூரி, 2024 ஜூன் 26. கோவிட், தேர்தல் பற்றிய பதிவுகளை எடுக்கச் சொல்லி வெள்ளை மாளிகை அதிகாரிகள் தளங்களை நெருக்கினார்கள் என்று இரண்டு மாநிலங்களும் ஐந்து தனிநபர்களும் போட்ட வழக்கு. உங்களுக்கு யாரோ தலைகீழாகச் சொல்லியிருக்கிறார்கள். அரசு செய்தது தவறு என்று அந்த நீதிமன்றம் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. "உங்கள் பதிவு போனதற்கு அரசின் நெருக்கடிதான் காரணம் என்று நீங்கள் காட்டவில்லை, வழக்குப் போடும் தகுதியே உங்களுக்கு இல்லை" என்று 6-க்கு 3 என்ற கணக்கில் திருப்பி அனுப்பியது. எடுத்தது யார் என்று நிரூபிக்க முடியாமல்தான் அவர்களும் தோற்றார்கள். இன்னொன்றும் உண்டு. அங்கே அரசுக்கு 69ஏ மாதிரி ஒரு பிரிவு கிடையாது; அதனால் மறைமுக நெருக்கடி பற்றி வழக்காடுகிறார்கள். இங்கே சட்டமே நேரடியாக அதிகாரம் கொடுத்திருக்கிறது. அந்தத் தீர்ப்பை இங்கே தூக்கிக்கொண்டு வருவது வீண் சுமை.

இன்னொரு வரியும் உங்கள் கடிதத்தில் இருந்தது: "அரசு சரிபார்ப்பகம் வதந்தி என்று போட்டாலே தளம் எடுத்தாக வேண்டுமாம்." அப்படி ஒரு சட்டக் கட்டாயம் இல்லை. ஒன்றிய அரசு 2023-ல் அந்த மாதிரி ஒரு விதியைக் கொண்டுவந்தது. மும்பை உயர்நீதிமன்றம் 2024 செப்டம்பரில் அதை ரத்து செய்தது.

அந்தத் தலைப்பில் இருக்கும் மூன்று துண்டுகள்

உங்கள் வீடியோவின் எழுத்துப் பிரதியையும் அனுப்பியிருந்தீர்கள், நல்லது. எதிர்த்தரப்பு வக்கீல் படிப்பதுபோல் படித்துப் பார்த்தேன். மூன்றே முக்கால் நிமிடம் வலுவாக இருக்கிறது: ரோட்டில் நிற்கும் ஜனம், இருமும் குழந்தை, "எது லீக்னு யாருமே சொல்ல மாட்டேங்கிறாங்க" என்று பேசும் பெண்கள். கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது. வழுக்குவது 12 விநாடி மட்டும்.

"மறுபடியும் கேஸ் லீக்" என்பது உங்கள் ஊகம். நெடி வந்தது உண்மை. எங்கிருந்து, என்ன வாயு என்று உங்களுக்குத் தெரியாது. "10 பேர் கவலைக்கிடம்" என்பது ஓர் ஆட்டோக்காரர் சொன்னது. பிறகு விசாரித்ததில் நாலு பேர் ஸ்டான்லிக்குப் போய் ஆக்ஸிஜன் வைத்துவிட்டு விடிவதற்குள் வீடு திரும்பினார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அது தவறான தகவல். "மறைக்கும் அதிகாரிகள்" என்பதோ விமர்சனம், அதற்கு நல்ல பாதுகாப்பு இருக்கிறது. ஆட்டோ சங்கர் வாழ்க்கை வரலாற்றை நக்கீரன் வெளியிடுவது பற்றிய வழக்கில் 1994-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது இன்றும் சட்டம்: அரசு அமைப்புகள் மானநஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போட முடியாது, அதிகாரிகளின் அலுவல் சார்ந்த நடத்தையை, நியாயமாக விசாரித்துவிட்டு எழுதியவரைத் தகவல் பிழைக்காக மட்டும் பிடிக்க முடியாது. உண்மையைப் பற்றிக் கவலையே இல்லாமல் எழுதியிருந்தால்தான் சிக்கல்.

போலீஸ் வழக்குப் போட்டால் எடுக்கக்கூடியவை இரண்டு. பிஎன்எஸ் (பழைய ஐபிசிக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா) 353, மக்களிடம் பீதி கிளப்பும் பொய்த் தகவல், 3 ஆண்டு வரை. பேரிடர் மேலாண்மைச் சட்டம் 54, பேரிடர் பற்றிப் பொய் எச்சரிக்கை கொடுத்துப் பீதி ஏற்படுத்துவது, 1 ஆண்டு வரை அல்லது அபராதம். முதலாவதற்குள்ளேயே உங்களுக்கான குடை இருக்கிறது: உண்மை என்று நம்ப நியாயமான காரணம் இருந்து, நல்லெண்ணத்தோடு, கலகம் மூட்டும் நோக்கமில்லாமல் வெளியிட்டால் அது குற்றமே ஆகாது. அந்த "நியாயமான காரணம்" இப்போது கையில் சேர்க்க வேண்டிய சொத்து. ஸ்டான்லியில் பார்த்தவர்களின் ஓ.பி. சீட்டு நகல், அவர்கள் சம்மதத்தோடு. பன்னிரண்டரைக்கு யாராவது 112-க்கோ 108-க்கோ அடித்திருந்தால் அந்தக் கால் பதிவு. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் அந்த இரவுக்கான காற்றுத் தர அளவீடு கேட்டு 10 ரூபாய் கட்டணத்தில் ஆர்டிஐ மனு.

பொது ஒழுங்கு என்ற குற்றச்சாட்டுக்கும் பதில் உங்கள் வீடியோவின் நேரத்திலேயே இருக்கிறது. ஜனம் ரோட்டுக்கு வந்தது பன்னிரண்டரைக்கு. வீடியோ ஏறியது நாலு மணிக்கு. வீடியோவைப் பார்த்துக் கூட்டம் கூடவில்லை. கூட்டத்தைப் பார்த்து வீடியோ எடுக்கப்பட்டது. அறுபதுகளில் ராம் மனோகர் லோகியா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று வட்டம் போட்டுக் காட்டியது. வெளிவட்டம் சட்டம் ஒழுங்கு, அதற்குள் பொது ஒழுங்கு, அதற்கும் உள்ளே நாட்டின் பாதுகாப்பு. ஒரு குப்பத்து மக்கள் நெடி தாங்காமல் ரோட்டில் நிற்பது வெளிவட்டத்தைக்கூடத் தொடுமா என்பது சந்தேகம்தான்.

திருத்தம் போடுவதா வேண்டாமா என்று தயங்குகிறீர்கள். போடுங்கள். தவறை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடுமோ என்ற பயம் பலருக்கு உண்டு. நடைமுறையில் அது நல்லெண்ணத்துக்கான சாட்சி. சின்னதாக, விளக்கம் வளர்க்காமல்: "இந்தத் தேதி இரவு வெளியிட்ட வீடியோவில் 10 பேர் கவலைக்கிடம் என்று சொல்லியிருந்தோம். அது சரியான தகவல் அல்ல. நால்வர் சிகிச்சை பெற்று வீடு திரும்பினர். நெடி எங்கிருந்து வந்தது என்பது இன்னும் அதிகாரப்பூர்வமாக அறிவிக்கப்படவில்லை." இதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம். ஏற்கெனவே எஃப்ஐஆர் பதிவாகியிருந்தால் மட்டும், வக்கீலிடம் காட்டிவிட்டுப் போடுங்கள்.

அழிக்காதீர்கள்

அம்மாவின் யோசனை பாசத்தில் வந்தது, ஆனால் அதுதான் இருப்பதிலேயே ஆபத்தானது. போலீஸ் கேட்ட பிறகு அழித்தால், சாட்சியமாக வரக்கூடிய மின்னணுப் பதிவை அழித்ததாக பிஎன்எஸ் 241 பாயலாம். அதற்கே 3 ஆண்டு வரை. இல்லாத குற்றத்துக்குப் பயந்து புதிதாக ஒன்றைச் செய்ததாகிவிடும். உங்களைக் காப்பாற்றப்போவதும் அதே வீடியோதான்.

போனில் எடுத்த மூலக் கோப்பை, வாட்ஸ்அப்பில் அனுப்பாமல், கேபிள் போட்டு ஒரு பென்டிரைவிலும் ஒரு கணினியிலும் நகலெடுங்கள். வாட்ஸ்அப்பில் போனால் கோப்பு சுருங்கும், எடுத்த நேரம் இடம் பற்றிய விவரம் போய்விடும். அந்தக் கோப்பின் எஸ்ஹெச்ஏ 256 ஹாஷ் எண்ணை (கோப்பு மாறவில்லை என்று காட்டும் கைரேகை மாதிரியான எண்) மென்பொருளில் கணக்கிட்டுத் தேதியோடு எழுதி வையுங்கள். பாரதிய சாட்சிய அதிநியம் 63-ஆம் பிரிவின் சான்றிதழில் ஹாஷ் எண்ணுக்கு என்றே இடம் இருக்கிறது. நீதிமன்றத்துக்குப் போகும்போது கேட்பார்கள். யூடியூப் மின்னஞ்சலை அதன் ஹெடர் விவரங்களோடு (யார், எப்போது அனுப்பியது) முழுதாகச் சேமியுங்கள், ஸ்க்ரீன்ஷாட் மட்டும் போதாது.

ஸ்டேஷனுக்குப் போவது பற்றி

வீட்டு வாசலில் வந்து வாய்வார்த்தையாகச் சொல்வது சம்மன் ஆகாது. சாட்சியாக விசாரிக்க என்றால் பிஎன்எஸ்எஸ் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 179-இன் கீழ் எழுத்து உத்தரவு வேண்டும். சந்தேக நபராக என்றால் 35(3) நோட்டீஸ். போனைக் கொண்டுவா என்றால் 94-இன் கீழ் எழுத்து உத்தரவு. மூன்றில் எது என்று தெரிந்தால்தான் உங்கள் நிலை என்ன என்று உங்களுக்கே தெரியும். முறைத்துக்கொண்டு பேச வேண்டாம். "வர்றேன் சார், ஒரு நோட்டீஸ் குடுத்தீங்கன்னா யார்டுல லீவு கேட்க வசதியா இருக்கும்" என்று சொன்னால் போதும். யாராவது புகார் கொடுத்திருந்தால் சிஎஸ்ஆர் எண்ணை (புகார் பெற்றதற்கான ரசீது எண்) கேளுங்கள். எஃப்ஐஆர் பதிவாகியிருந்தால் தமிழ்நாடு காவல் துறையின் இணையதளத்தில் பார்க்கலாம். 24 மணி நேரத்துக்குள் ஏற்ற வேண்டும் என்பது 2016-இல் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவு.

நோட்டீஸ் வந்துவிட்டால் போகாமல் இருக்காதீர்கள். 35(3) நோட்டீஸுக்கு ஒழுங்காகப் போய் வருபவரைக் காரணம் எழுதாமல் கைது செய்ய முடியாது. போகாமல் இருப்பதுதான் கைதுக்குக் கதவு திறக்கும். ஒரு வக்கீலோடு போங்கள். 3 முதல் 7 ஆண்டுக்குள் தண்டனை உள்ள பேச்சுக் குற்றங்களில், எஃப்ஐஆர் போடும் முன் பிஎன்எஸ்எஸ் 173(3)-இன் கீழ் 14 நாள் முதற்கட்ட விசாரணை நடத்துவதுதான் முறை என்று 2025 மார்ச் 28 அன்று இம்ரான் பிரதாப்கடி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 353 அந்த வரம்புக்குள் வரும். உங்கள் வக்கீலுக்கு இந்தத் தீர்ப்பின் நகல் கையில் இருக்கட்டும்.

போனை எடுத்துக்கொண்டால் கைப்பற்றல் மகஜர் நகல் வாங்குங்கள், ஐஎம்இஐ எண் அதில் இருக்க வேண்டும். கைப்பற்றுவதை வீடியோ எடுக்க வேண்டும் என்று 105-ஆம் பிரிவு சொல்கிறது. பாஸ்வேர்டு கேட்டால், வக்கீலைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று நிறுத்துங்கள். அதில் நீதிமன்றங்களுக்குள்ளேயே ஒரே கருத்து இல்லை.

வக்கீல் வைக்கப் பணம் இல்லை என்றால் 15100 என்ற சட்ட உதவி எண்ணுக்கு அடியுங்கள். தொழிற்சாலைத் தொழிலாளர், பட்டியல் சாதியினர், பெண்கள், குறைந்த வருமானம் உள்ளவர்கள் எல்லாருக்கும் இலவச சட்ட உதவி உண்டு. மாநில சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் உயர்நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கிறது.

தாளைக் கையில் வாங்குவது

இதுதான் நிதானமாகச் செய்ய வேண்டிய வேலை. முடக்க விதி 16 உத்தரவுகளை ரகசியமாக வைக்கச் சொல்கிறது. அரசு அதன் பின்னால் நிற்கும். ஆனால் ஷ்ரேயா சிங்கால் தீர்ப்பு 69ஏ-வைச் செல்லும் என்று சொன்னபோது இரண்டு காரணங்களைச் சொல்லியே செல்லும் என்றது. உத்தரவில் காரணம் எழுதப்பட வேண்டும், அதை வைத்துத்தான் பாதிக்கப்பட்டவர் உயர்நீதிமன்றத்தில் எதிர்க்க முடியும் என்பது ஒன்று. பதிவிட்டவரை அடையாளம் காண முடிந்தால் தளத்தை மட்டுமின்றி அவரையும் கேட்க வேண்டும் என்பது இன்னொன்று. விதி 8-இன்படி பதில் சொல்ல 48 மணி நேரமாவது தர வேண்டும். அவசரம் என்று விதி 9-இன் கீழ் உடனே முடக்கியிருந்தாலும் 48 மணி நேரத்துக்குள் முடக்கக் கோரிக்கைகளைப் பரிசீலிக்கும் அரசுக் குழுவின் முன் வைத்திருக்க வேண்டும். வீடு தேடிக் காவலர் வர முடிகிறது, உங்களுக்கு ஒரு நோட்டீஸ் வர முடியவில்லை. இதை மனுவில் கட்டாயம் எழுதுங்கள்.

யூடியூப் மின்னஞ்சலுக்கே பதில் போட்டு, எந்த அதிகாரி, எந்தப் பிரிவு, உத்தரவு எண் என்ன என்று கேளுங்கள். சொன்னால் லாபம். கூகுள் தனக்கு வரும் நீக்கக் கோரிக்கைகளில் சிலவற்றை லூமன் என்ற பொதுத் தரவுத்தளத்தில் பகிர்கிறது. அங்கேயும் தேடிப் பாருங்கள். அதோடு, டெல்லி லோதி ரோடு சிஜிஓ வளாகத்தில் எலக்ட்ரானிக்ஸ் நிகேதனில் உள்ள ஒன்றிய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்துக்கு, 69ஏ விதிகளின் கீழ் நியமிக்கப்பட்ட அதிகாரியைக் குறிப்பிட்டு ஒரு பக்க மனு அனுப்புங்கள். வீடியோவின் இணைப்பு, மின்னஞ்சல் தேதி, அதிலிருந்த வாசகம் அப்படியே. கேட்பது: காரணங்களோடு உத்தரவு நகல், நேரில் விளக்கம் சொல்ல வாய்ப்பு. கடைசியில் ஒரு வரி: "10 பேர் என்ற தகவல் உள்ள 12 விநாடியையும் தலைப்பையும் நீக்கத் தயாராக இருக்கிறேன்." ஸ்பீடு போஸ்ட்டில், டெலிவரி சான்றோடு, மின்னஞ்சலிலும். ஆர்டிஐ-யும் போடலாம். மறுப்பார்கள், ஆனால் மறுப்புக் கடிதத்தில் "விதி 16" என்று இருந்தால் உத்தரவு 69ஏ-வின் கீழ் வந்ததுதான் என்று அவர்களே உறுதி செய்தது ஆகும்.

அந்தக் கடைசி வரி பணிந்துபோவதற்காக இல்லை. 2025 பிப்ரவரியில் ஒரு கார்ட்டூனுக்காக விகடன் இணையதளம் முழுதும் முடங்கியது நினைவிருக்கும். மார்ச் 6 அன்று சென்னை உயர்நீதிமன்றம், அந்தக் கார்ட்டூன் பக்கத்தைத் தற்காலிகமாக எடுத்துவிட்டுத் தளத்தைத் திறக்கச் சொன்னது. கார்ட்டூன் சரியா தவறா என்ற பெரிய கேள்வி முடியும்வரை மற்றதெல்லாம் மூடிக் கிடக்கக் கூடாது என்ற அணுகுமுறை அது. உங்கள் வீடியோவிலும் 12 விநாடிக்காக 4 நிமிடத்தை முடக்குவது அளவுக்கு மீறியது என்ற வாதத்துக்கு நீங்கள் முன்கூட்டியே அடி போட்டு வைக்கிறீர்கள்.

இரண்டு வாரத்தில் பதில் இல்லை என்றால் சென்னை உயர்நீதிமன்றத்தில் அரசியலமைப்பின் 226-ஆம் பிரிவின் கீழ் ரிட் மனு. முதல் கோரிக்கையைச் சின்னதாக வைக்கச் சொல்லுங்கள்: உத்தரவு நகலைக் கொடு, என் தரப்பைக் கேள். டெல்லியில் வரதட்சணை முறையைக் கிண்டல் செய்த ஓர் இணையதளம் 2018-ல் முடக்கப்பட்டது. அதை நடத்தியவர் வழக்குப் போட, 2022 மே மாதம் டெல்லி உயர்நீதிமன்றம் உத்தரவு நகலைக் கொடுக்கவும் அவரைக் கேட்கவும் சொன்னது. நாலு வருடம் ஆனது என்பதையும் கவனியுங்கள். வீடியோ நாளைக்கே திரும்பிவிடும் என்று நம்பி ரிட் போடாதீர்கள். அடுத்த முறை நெடி வரும்போது உங்களைக் கேட்காமல் முடக்கத் தயங்குவார்கள் என்பதற்காகப் போடுங்கள்.

இன்ஸ்டாகிராம் ரீலுக்கு இது எதுவும் வேண்டாம். செயலியிலேயே மேல்முறையீடு, பிறகு இந்தியக் குறைதீர் அதிகாரிக்குப் புகார், அவர் முடிவு பிடிக்காவிட்டால் 30 நாளுக்குள் ஜிஏசி என்ற மேல்முறையீட்டுக் குழுவுக்கு இணையத்தில் மனு. கட்டணம் இல்லை. ஒன்றிய அரசு நியமித்த குழுதான். அரசின் முடக்க உத்தரவை எதிர்த்து அங்கே போவதில் பயன் இல்லை, தளத்தின் சொந்த முடிவை எதிர்க்க மட்டும் பயன்படும்.

புது அக்கவுண்டில் அதே வீடியோவை ஏற்ற வேண்டாம். அது தனிக் குற்றம் என்று 69ஏ சொல்லவில்லை, ஆனால் தளம் உங்கள் சேனலையே மூடக் காரணம் கிடைக்கும், 353-இல் "நோக்கம்" காட்டப் போலீஸுக்கும் கிடைக்கும். புதிதாக ஒரு வீடியோ எடுங்கள். சரிபார்த்த விவரம் மட்டும், சம்பந்தப்பட்டவர்களின் பேட்டியோடு, ஆச்சரியக்குறி இல்லாத தலைப்போடு. அதை முடக்க யாருக்கும் அவ்வளவு சுலபத்தில் காரணம் கிடைக்காது.

வாட்ஸ்அப் குழுவில் அடுத்தவர் போட்டதற்கு அட்மின் என்பதாலேயே நீங்கள் பொறுப்பாக மாட்டீர்கள். மதுரைக் கிளை 2021-லேயே அப்படிச் சொல்லியிருக்கிறது. நீங்களே ஃபார்வர்டு செய்தவை வேறு கதை. "நான் எழுதவில்லை, பகிர்ந்தேன்" என்ற வாதம் எஸ்.வி. சேகர் வழக்கில் உயர்நீதிமன்றத்திலும் உச்ச நீதிமன்றத்திலும் எடுபடவில்லை. குழுவில் ஆலை மேலாளரின் வீட்டு முகவரியை யாரோ போட்டிருப்பதாக எழுதியிருந்தீர்களே, அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கொண்டு இன்றே "எல்லாருக்கும்" நீக்கிவிடுங்கள்.

அம்மாவிடம் சொல்லுங்கள்: சிம் அவர் பெயரில் இருப்பது குற்றம் இல்லை. சாட்சி சொல்லக்கூட அவரை ஸ்டேஷனுக்குக் கூப்பிட முடியாது; பெண்களையும் 60 வயதைத் தாண்டியவர்களையும் அவர்கள் வீட்டில்தான் விசாரிக்க வேண்டும் என்கிறது 179. அந்தக் காவலர் மறுபடி வந்தால் உட்காரச் சொல்லி, பேரும் ஸ்டேஷனும் கேட்டு ஒரு தாளில் எழுதி வைக்கட்டும். "பையன் வந்ததும் வக்கீலோட வருவான்" என்பதற்கு மேல் அவர் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.